மாரிக்கு, டிசம்பர் 31 பற்றி

ஈசூன், சிங்கப்பூர்,
பொங்கலுக்கு மறுநாள்

அன்புள்ள மாரி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் சௌக்கியத்தைத் தங்கச்சியே போனில் சொல்லிவிட்டாள், சர்க்கரை அளவு உட்பட. ஜிலேபி விவகாரம் என் காதுக்கு எட்டிவிட்டது என்பதை மட்டும் தெரிந்துகொள். தீபாவளிக்கு அனுப்பிய முறுக்கு வந்து சேர்ந்தது. பாதி தூள். தூளையும் விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புத்தாண்டன்று பேரனுக்குச் சொன்ன கதையைப் பதிவு செய்து எனக்கும் அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றி உன்னிடம் போனில் பேசிப் பயனில்லை. நீ பேச விடமாட்டாய். அதோடு நீ மன்னார்குடியில் சாப்பிட்டு முடித்துச் சாவகாசமாக இரவு பத்து மணிக்குக் கூப்பிடுகிறாய்; எனக்கு இங்கே பன்னிரண்டரை. அந்த 'அரை' எங்கிருந்து முளைத்தது என்பதுதான் நீ சொன்ன கதையே. அதைப் போய் இப்படிக் குழப்பி வைத்திருக்கிறாய்.

உன் கதைப்படி, 1981 டிசம்பர் 31 இரவு நீயும் நானும் ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்றோம். சிங்கப்பூர்க் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளிப் பதினொன்றரை மணியைப் பன்னிரண்டு ஆக்கினார்கள். கூட்டம் கத்தியது. நாம் இரண்டு பேரும் 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டைப் பாடி நடுரோட்டில் ஆடினோம். ஒரு போலீஸ்காரர் வந்து உன் கையைக் குலுக்கினார்.

டேய், அந்தப் படம் வந்ததே 1982 ஆகஸ்டில். ஏழெட்டு மாதம் கழித்து வரப்போகிற பாட்டை முன்கூட்டியே பாடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருவன்தான். போலீஸ்காரரைப் பற்றி நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இவ்வளவு துணிச்சலாகச் சொல்கிறேனே, எப்படி? அப்பாவின் டைரி கிடைத்திருக்கிறது. அம்மா இருந்த வீட்டைக் காலி செய்தபோது ஸ்டோர் ரூமில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அவர் வேலை பார்த்த கப்பல் பட்டறையில் கொடுத்த டைரிகள் வரிசையாக இருந்தன. அவர் டைரி உனக்குத் தெரியாததா? மளிகை, பஸ் காசு, ஊருக்கு அனுப்பிய பணம், அவ்வளவுதான். ஆனால் அந்த நாளுக்கு மட்டும் கூடுதலாக எழுதியிருக்கிறார். அப்படியே தருகிறேன்:

"வியாழன். இரவு வேலை. 11.30 = 12. அரை மணி லாபம். பையன்கள் மூவரும் கேட்டுக்கு வந்து காப்பி கொடுத்தார்கள். காப்பியில் சீனி இல்லை."

சீனி எங்கே போனது என்று நம் இருவருக்கும் தெரியும். உன் சர்க்கரையின் வரலாறு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

அந்த 'லாபம்' உனக்குப் புரிந்திருக்கும். மாலை ஏழுக்கு உள்ளே போனவர் காலை ஏழுக்கு வெளியே வந்தார். கைக்கடிகாரத்தின்படி பன்னிரண்டு மணி நேரம், உண்மையில் பதினொன்றரை. சம்பளம் பன்னிரண்டுக்கும் வந்தது. வாழ்நாளில் அவர் உடம்பு வளைக்காமல் வாங்கிய ஒரே கூலி அதுதான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆக, நாம் ஆர்ச்சர்ட் ரோட்டில் இல்லை. செம்பவாங்கில், பட்டறை கேட்டுக்கு எதிரே, அந்தச் சாக்கடைத் திட்டில் உட்கார்ந்திருந்தோம். டைரியைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நாள் முழுவதும் வரிசையாக ஞாபகம் வர ஆரம்பித்துவிட்டது. ஓ லெவல் பரீட்சை எழுதி முடித்துவிட்டு, முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் வேண்டாதவர்களாகத் திரிந்த டிசம்பர் அது. பகலில் சாங்கி விமான நிலையம் பார்க்கப் போனோம், நினைவிருக்கிறதா? ஜூலையிலிருந்தே விமானங்கள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தாலும் அதிகாரபூர்வமாகத் திறந்தது டிசம்பர் 29. தற்காப்பு அமைச்சர் ஹாவ் யூன் சோங் திறந்துவைத்தார். இரண்டு நாள் கழித்து நாம் போய் நின்றோம், ஏதோ நமக்காகத்தான் கட்டியதுபோல. செம்பவாங்கிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் உன் பணம் தீர்ந்துவிட்டது. திரும்பி வந்ததற்குக் காசு கொடுத்தது யார்? அதை ஏன் பேரனிடம் சொல்லவில்லை?

சாயங்காலம் சோங் பாங் டீக்கடை. அங்கே அப்போது ஒரே பேச்சுதான். அக்டோபரில் தேவன் நாயர் அதிபரானார், அதனால் அவருடைய ஆன்சன் தொகுதி காலியானது, இடைத்தேர்தலில் ஜெயரத்தினம் ஜெயித்தார். 1965க்குப் பிறகு நாடாளுமன்றத் தேர்தலில் ஜெயித்த முதல் எதிர்க்கட்சிக்காரர். இரண்டு மாதம் ஆகியும் கடை மாமா அதை விடவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே ஒரு வாக்கியம், கிளாஸை வைத்துவிட்டு ஒரு வாக்கியம், பக்கத்து மேசையில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு மூன்றாவது வாக்கியத்தை விழுங்கிவிடுவார். நீ அதைப் போல நடித்துக் காட்டுவாய். அதே நாளில்தான் கானாவில் ராலிங்ஸ் ஆட்சியைப் பிடித்தார் என்று பிறகு படித்தேன். நமக்கோ மறுநாள் கல்கத்தாவில் தொடங்கும் இங்கிலாந்து டெஸ்டில் கவாஸ்கர் எவ்வளவு அடிப்பார் என்பதுதான் உலகச் செய்தி. வெள்ளிக்கிழமை நீ வழக்கமான நேரத்துக்கே டிரான்சிஸ்டரைத் திருகிவிட்டு அரை மணி நேரம் கரகரப்பை மட்டும் கேட்டாயே! இந்தியாவுக்கும் நமக்கும் அதுவரை சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். சின்னப் பிள்ளைகூடக் கணக்குப் போடும். அன்று முதல் இரண்டரை. ஊருக்கு டிரங்க் கால் போடுகிறவர்கள் எல்லாரும் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்கள்.

ஏன் மாற்றினார்கள் என்று உன் பேரன் கேட்டானாம், நீ "அரசாங்கம் சொன்னது" என்று முடித்துவிட்டாய். பாவம், பையன் நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். அவனுக்கு இதைச் சொல். மலேசியாவில் சபாவும் சரவாக்கும் ஏற்கெனவே கிரீன்விச்சுக்கு எட்டு மணி முன்னால் இருந்தன. தீபகற்பம் மட்டும் ஏழரை. ஒரே நாட்டுக்கு ஒரே மணி வேண்டும் என்று மகாதீர் அரசு தீபகற்பத்தை அரை மணி முன்னால் தள்ளியது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணி, இந்தப் பக்கம் ஒரு மணி என்றால் வியாபாரம் என்ன ஆவது? சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. மற்றபடி நம் தீர்க்கரேகைக்கு உரிய நேரம் ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. அதனால்தான் இங்கே இன்றும் காலை ஏழுக்குத்தான் விடிகிறது, மாலை ஏழுக்கு இருட்டுகிறது. இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேரம் என்றாலும் எல்லாம் ஒரு மணி தள்ளி நடக்கிறது. ஜனவரியில் பள்ளி திறந்ததும் உன் தம்பி டார்ச் கேட்டு அழுதது இதனால்தான்.

இன்னொன்று. இந்த ஊரின் கடிகாரம் ஒரு நாளும் ஒழுங்காக நின்றதில்லை என்பது எனக்கே இப்போதுதான் உறைக்கிறது. 1905இல் கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால். 1933இல் இருபது நிமிடம் கூட்டினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம், அதுதான் ஏழரை. ஐந்து மாதம் கழித்து 1942 பிப்ரவரியில் ஜப்பான்காரன் வந்தான், தோக்கியோ நேரம்தான் இங்கேயும் என்றான், ஒன்றரை மணி நேரம் ஒரே அடியாகப் போனது. போர் முடிந்த பிறகுதான் ஏழரைக்குத் திரும்பியது. எங்கள் அப்பாயி அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிகிறது: "அரை மணிக்கா இந்தக் கூப்பாடு? அவன் ஒன்றரை மணியை முழுங்கினப்ப யாருடா வாயைத் திறந்தீங்க?" நாம் சிரித்தோம். ஜப்பான்காரன் வந்தபோது அப்பாயிக்கு இருபது வயதுகூட ஆகியிருக்காது, கையில் பிள்ளை வேறு.

அந்த அரை மணியை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் எங்கள் அம்மா. உன் அத்தைக்கும் அம்மாவுக்கும் மறுநாள் நடந்த போரை நீ அந்தப் பதிவில் சொல்லவே இல்லை. அது உன் கட்சி தோற்ற போர் என்பதால் இருக்கும். ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, ஆங் மோ கியோவில் எங்கள் மாமாவின் புது வீட்டில் பால் காய்ச்ச வேண்டும். மார்கழியில் யாராவது குடிபோவார்களா என்று ஒரு சண்டை அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. விடுமுறை அன்றுதான், வேறு வழியில்லை என்று மாமா சொல்லிவிட்டார். அடுப்பு வந்து சேரத் தாமதம். வந்தபோது புதுக் கடிகாரத்தில் பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்குத் தொடங்கும். "ராகு வந்து கால் மணி ஆச்சு, பன்னிரண்டுக்கு மேலதான்" என்று உன் அத்தை வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பவே இல்லை, அதில் பத்தே கால். "இன்னும் கால் மணி இருக்கு, அடுப்பைப் பற்ற வை" என்றார். குருக்களுக்கு அடுத்த வீட்டில் வேலை காத்திருக்கிறது. அவர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். கடைசியில் உன் அப்பாதான், "ராகுவுக்கு அரசாங்கம் கெசட் அனுப்பியிருக்கா என்ன?" என்று கேட்டு முடித்துவைத்தார். பால் பொங்கியது.

நான் போன வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ராகு காலம் சூரியோதயத்திலிருந்து எண்ண வேண்டும். காலண்டரில் போடுவது ஆறு மணி விடியலுக்கு உரியது. வெள்ளிக்கிழமைக்கு விடியலிலிருந்து நாலரை மணி நேரம் கழித்து. சிங்கப்பூரில் ஜனவரியில் ஏழு மணி தாண்டித்தான் சூரியன் வருகிறது, அப்படியானால் ராகு பதினொன்றரைக்கு மேல்தான். எங்கள் அம்மாவுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. இதை உன் அத்தை மகளிடம் தவறாமல் சொல். அந்த வீட்டு லிஃப்ட் பழுதானபோதெல்லாம் அந்தப் பாலைத்தான் குறை சொன்னார்கள்.

இப்போது கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்.

'பையன்கள் மூவரும்' என்று அப்பா எழுதியிருக்கிறார். உன் கதையில் நாம் இருவர்தான். நெட்டை எங்கே? காப்பித் தூக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். அவன் அண்ணன் வாங்கிக் கொடுத்த அந்த கேசியோவை வைத்து "முப்பது, இருபத்தொன்பது" என்று இறக்கி எண்ணியவன் அவன். சாங்கியிலிருந்து நம் இருவருக்கும் டிக்கெட் எடுத்தவனும் அவன்தான். நீ அந்தக் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டாய், டிக்கெட்டை விட்டே விட்டாய்.

நவம்பரில் அவன் போனபோது நீ ஒரு கும்பிடும் கையை மட்டும் அனுப்பினாய். உன்னால் வர முடியாது என்று எனக்குத் தெரியும், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவன் பேரை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. மண்டாய்த் தகனக்கூடத்தில் அன்று நம் பழைய ஆட்கள் யாருமே இல்லை. அவன் மகள் வேலையிடத்து ஆட்களுக்கு என்னைக் காட்டி "அப்பாவின் ஃபிரெண்ட்" என்று சொன்னாள், எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அவன் பேசியதும் இந்த இரவைப் பற்றித்தான். பட்டறையில் நின்ற கப்பல்கள் எல்லாம் பன்னிரண்டுக்கு ஹாரன் அடித்தன, அப்புறம் அரை மணி கழித்துப் பழைய பன்னிரண்டுக்கு ஒரே ஒரு கப்பல் மறுபடி அடித்தது, எந்த நாட்டுக் கப்பலோ என்று சொல்லிச் சிரித்தான். நான் ஒரு தடவைதான் அடித்தது என்று வாதாடினேன். அந்த நிலைமையிலும் விட்டுக்கொடுக்கவில்லை அவன், "மாரியைக் கேளு" என்றான்.

அதனால் கேட்கிறேன். இரண்டு தடவையா, ஒரு தடவையா?

அவன் மகளுக்கு அப்பாவின் சின்ன வயது பற்றி எதுவுமே தெரியாதாம். வருஷ திதிக்குள் நமக்குத் தெரிந்ததை எழுதியோ பேசியோ கொடுக்கச் சொல்கிறாள். நான் பள்ளிக்கூடத்தையும் பச்சை சைக்கிளையும் எழுதத் தொடங்கிவிட்டேன். இந்த இரவு உன் பங்கு. பேரனை உட்காரவைத்து இன்னொரு தடவை சொல்லிப் பதிவு செய், அந்தப் பாட்டு இல்லாமல், நெட்டையோடு. போலீஸ்காரர் வேண்டுமானால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மாசியில் என் மச்சான் திருச்சிக்கு வருகிறான். கோடாலித் தைலமும் தங்கச்சி கேட்ட மைலோவும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன். வேறு ஏதாவது வேண்டுமென்றால் இந்த வாரமே சொல். இனிமேல் எட்டு மணிக்கு முன்னால் கூப்பிடு, உன் எட்டு மணிக்கு.

அன்புடன்,
சேகர்