அண்ணரின் தொப்பிக்கு ஒரு பெட்டி

ஆரையம்பதி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் அண்ணருக்குக் கனடாவின் கல்கரி நகரத்தில் இருந்து கொண்டுவரப்போகிற கவ்போய் தொப்பிக்கு எந்தப் பெட்டி வாங்குவது என்று கேட்ட உன் கடிதமும், பெட்டிகளின் படங்களும் வந்து சேர்ந்தன. நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க மாமாங்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே இறங்க ஏலாது, முற்றத்து மண் எழும்பி விறாந்தை வரைக்கும் வருகிறது. சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளி நிற்கிறது. வாய்க்காலில் தண்ணீர் இந்த முறை குறையவில்லை என்று மருமகன் சொல்கிறான். மாமாங்கத்தில் கொடியேற்றத்துக்கு ஆயத்தம் நடக்கிறது. நீ ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு இங்கே நிற்பாய் என்றதும் என் மனுசிக்குச் சந்தோசம் தாங்கவில்லை. என்ன சமைப்பது என்று இப்போதே கணக்குப் போடுகிறாள்.

உன் அண்ணரைப் போன கிழமை சித்தாண்டியில் கண்டேன். மெலிந்துபோனார், ஆனால் நடையில் தளர்ச்சி இல்லை. மாதவனையில் மாட்டுப் பட்டியை மகனிடம் விட்டுவிட்டுத் தயிர்ச் சட்டிகளோடு வந்திருந்தார். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டித் தெருவோரத்தில் போராட்டம் தொடங்கி உட்கார்ந்தபோது அவரும் அங்கேதான் இருந்தார். அதைப் பற்றிக் கேட்டால் இப்போதும் அவருடைய குரல் மாறும். இத்தனை வருட வெயிலையும் ஈரத் துவாய் ஒன்றைத் தலையில் சுற்றிக்கொண்டே சமாளித்த மனிதர். அந்தத் தலையில் கல்கரியின் வெள்ளைத் தொப்பியை வைத்துப் பார்க்க வேண்டும் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கல்கரியில் 1912இல் தொடங்கிய ஸ்டாம்பீட் என்பது மாட்டுக்காரர்களின் திருவிழா. அந்த நகரத்தில் பெரிய விருந்தாளிகள் வந்தால் வெள்ளைத் தொப்பி போட்டு மரியாதை செய்கிறார்கள். அந்த மரியாதைக்கு மாதவனைக்காரர் எந்த வகையிலும் குறைந்தவர் இல்லை. அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை, பயப்படாதே.

சரி, நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். எந்தப் பெட்டி வாங்குவது?

என் அப்பா கூத்துக்குக் கிரீடம் கட்டினவர் என்பதால்தான் என்னிடம் கேட்கிறாய் என்று தெரியும். வடமோடிக் கூத்தில் ராசாவின் கிரீடத்தை ஒரு கூத்துக் களரியிலிருந்து இன்னொரு களரிக்குக் கொண்டுபோவது லேசான வேலை இல்லை. கண்ணாடித் துண்டு ஒன்று கழன்றாலும் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் முகத்தைச் சுழிப்பார். அப்பா பெட்டியின் பலகை எவ்வளவு தடிப்பு என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கிரீடம் உள்ளே எதன்மேல் தங்கி நிற்கிறது என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார். உன் தொப்பிக்கும் நான் சொல்ல வருவது அதுதான். கடைக்காரர்கள் பெட்டியின் வெளிப்புறத்தைத் தட்டிக் காட்டுவார்கள். நீ மூடியைத் திறந்து உள்ளே பார்.

கவ்போய் தொப்பியைத் தட்டையான மேசையில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து பார். அதன் விளிம்பு நேர்கோடாக இருக்காது. முன்னும் பின்னும் கீழே சரிந்திருக்கும், இரண்டு பக்கமும் மேலே வளைந்திருக்கும். அப்படியே வைத்தால் முழுப் பாரமும் முன்னும் பின்னும் உள்ள இரண்டு இடங்களில் இறங்கும். சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் பயணத்தில், பிளேன் குலுங்க, பஸ் குலுங்க, அந்தச் சரிவு மெல்ல மெல்லத் தட்டையாகிவிடும். அங்கே பழகினவர்கள் தொப்பியைக் கவிழ்த்து, உச்சி கீழே இருக்கும்படி வைப்பது இதனால்தான். நேராக வைத்தால் அதிர்ஷ்டம் வழிந்து ஓடிவிடும் என்று ஒரு நம்பிக்கையும் அவர்களிடம் உண்டு. கட்டிலில் தொப்பி வைப்பதும் ஆகாதாம். எங்கள் ஆட்களுக்குச் சொன்னால் உடனே ஏற்றுக்கொள்வார்கள்.

ஆகவே நல்ல பெட்டி இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒன்று, தொப்பியைக் கவிழ்த்து வைத்ததும் உச்சி உள்ளே இறங்கி உட்காரக் குழியான இடம் இருக்க வேண்டும், பானைக்கு அடியில் வைக்கிற வைக்கோல் வளையம் மாதிரி. விளிம்பு சுற்றிவர அந்தரத்தில் நிற்கும். அல்லது, நேராக வைக்கிற பெட்டியென்றால், நடுவில் ஒரு மேடு எழும்பி உச்சியை உள்ளிருந்து தாங்க வேண்டும், விளிம்பு எதையும் தொடக் கூடாது. இரண்டும் இல்லாமல் வெறும் வெற்றுப் பெட்டியாக இருந்தால் அது எவ்வளவு கடினமான பிளாஸ்டிக்காக இருந்தாலும் வேண்டாம். தொப்பி உள்ளே அசையும், அசைகிற ஒவ்வொரு முறையும் விளிம்புதான் சுவரில் இடிக்கும்.

நீ அனுப்பிய படங்களில் வட்டமான துணிப்பை உள்ளதை விட்டுவிடு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்திருந்தாலும் மேலே ஒரு சூட்கேஸ் ஏறினால் அது மடங்கும். நமது இரவு பஸ்ஸில் மேல்தட்டு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடையில் தொப்பியோடு தந்த மட்டைப் பெட்டியும் பயணத்துக்கு உதவாது, அங்கே அலுமாரிக்குள் வைக்க நல்லது. முதுகுப்பையில் தொப்பியைக் கொளுவித் தொங்கவிடுகிற கிளிப் ஒன்றைக் கேட்டிருந்தாய். எயார்போட்டில் கை ஓய்ந்திருக்க நல்ல சாமான், பாதுகாப்புக்கு அது கணக்கில்லை. மிச்சம் இருப்பது அந்தக் கறுப்புக் கடினப் பெட்டி. அதைத்தான் நானும் சொல்வேன், ஆனால் அளந்து பார்த்த பிறகு.

அளவுதான் பலரும் தவறுகிற இடம். தொப்பிப் பெட்டி என்று விற்பவற்றில் நிறைய, குறுகிய விளிம்புள்ள ஃபெடோராத் தொப்பிக்குச் செய்தவை. அவற்றுக்கு விளிம்பு இரண்டு இரண்டரை அங்குலம் இருக்கும், உன் தொப்பிக்கு நாலு. நீ எழுதிய கணக்குப்படி முன்பின் 15 அங்குலம், பக்கவாட்டில் 13, உயரம் 6. எல்லாப் பக்கமும் அரை அங்குலம் விட்டால் உள்ளளவு 16, 14, 7 வர வேண்டும். உயரத்தை அளக்கும்போது மேலே வளைந்த பக்க விளிம்பையும், கீழே சரிந்த முன்விளிம்பையும் சேர்த்து அளந்தாயா என்று இன்னொரு முறை பார். உச்சியை மட்டும் அளந்தால் ஒரு அங்குலம் குறைந்துவிடும், மூடி அமர்ந்து விளிம்பை நசுக்கும்.

அப்புறம் வெளியளவு. எயார் கனடாவில் கைப்பொதிக்கு 55 × 40 × 23 சென்ரிமீற்றர் வரை விடுகிறார்கள். 16 அங்குலச் சதுரப் பெட்டி 40.6 சென்ரிமீற்றர் வரும், பிடியும் சக்கரமும் சேராமலே. அந்த அரைச் சென்ரிமீற்றருக்காக வாசலில் நின்று வாதாடுவதைவிட நீள்சதுரமான பெட்டியாகப் பார்ப்பது நல்லது. இடையில் மாறுகிற விமானத்தின் அளவையும் பார்த்துக்கொள். எந்த நிறுவனம் குறைவாக விடுகிறதோ அதுதான் உன் முழுப் பயணத்துக்கும் அளவு. பெட்டியை ஒருபோதும் கீழே சரக்கில் போடக் கொடுக்காதே. கையில்தான் வர வேண்டும். மேல்தட்டில் மற்றவர்கள் பொதிகளை வைத்து முடித்த பிறகு கடைசியாக வை.

பாதுகாப்புச் சோதனையில் திறந்து காட்டச் சொல்வார்கள். ஆகவே பூட்டு வேண்டாம், இரண்டு நல்ல கொளுக்கி போதும். இழுத்து மூடுகிற சிப் வைத்த பெட்டி எனக்குப் பிடிக்காது. இங்கத்தைய மண் சிப்புக்குள் போனால் ஒரு மாதத்தில் இழுபடாது. அண்ணர் மாதவனையில் அதைத் திறந்து மூட வேண்டும் என்பதையும் நினை. இந்தப் பெட்டி பிளேனில் வருவதற்கு மட்டும் இல்லை, வந்த பிறகு தொப்பிக்கு வீடும் அதுதான்.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இருக்கிற கடைக்காரருக்கு நமது மாரி தெரியாது. இந்தத் தொப்பி செய்கிற ஃபெல்ட் என்பது அழுத்திப் பிடித்த முயல் உரோமமோ, பீவர் உரோமமோ, ஆட்டு உரோமமோ. எதுவாக இருந்தாலும் பூச்சிக்குத் தீனி. கார்த்திகையில் மழை பிடித்தால் தை வரைக்கும் சுவரே வியர்க்கிற ஊர் இது. காற்றே புகாமல் இறுக்கி மூடுகிற பெட்டிக்குள் ஈரத் தொப்பியை வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதுவும் வெள்ளைத் தொப்பியில். சின்னக் காற்றுத் துளை உள்ள பெட்டி கிடைத்தால் விடாதே. சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துக் கொண்டுவா. நனைந்தால் உள்ளே ஓடுகிற தோல்பட்டியை வெளியே மடித்துவிட்டு நிழலில் உலர விட வேண்டும், வெயிலில் இல்லை, அடுப்புக்குப் பக்கத்திலும் இல்லை. சூடு பட்டால் அந்தத் தோல் சுருங்கும், தொப்பியின் அளவே குறைந்துவிடும். கட்டுநாயக்கா எயார்போட்டில் இருந்து வான் வண்டியில் வருவதென்றால் வழியில் சாப்பிட இறங்கும்போது பெட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கு. கண்ணாடி ஏற்றிய வான் இந்தக் காலத்தில் சூளை மாதிரிக் கொதிக்கும். நீ கோச்சியில், உதயதேவி ரயிலில் வந்தாலும் நல்லதுதான், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டு வரலாம்.

உச்சிக்குள் ஏதாவது நிரப்பு. சுத்தமான பனியன், கால்மேஸ், அல்லது எழுத்தில்லாத வெள்ளைத் தாள். செய்திப் பத்திரிகைத் தாளை மட்டும் வைக்காதே, அச்சு மை வெள்ளையில் ஏறினால் போகாது. அதிகம் திணித்தாலும் மடிப்பு விரியும். தொப்பியை எடுக்கும்போது உச்சியின் முன்மடிப்பைக் கிள்ளிப் பிடிக்காமல், கழுவிய கையால் விளிம்பின் முன்னையும் பின்னையும் பிடித்துத் தூக்கு. அண்ணருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அவர் சொன்னதைக் கேட்பார், பால் கறக்கிற கையல்லவா, பக்குவம் தெரிந்த கை.

இன்னொரு யோசனை. வெள்ளை ஃபெல்ட் தொப்பி மாதவனை வெயிலில் மாடு மேய்க்கப் போட்டுக்கொள்கிற சாமான் இல்லை. அங்கேயுள்ளவர்களே கோடையில் வைக்கோல் தொப்பிக்கு மாறிவிடுவார்கள். முடிந்தால் ஓலை நெசவில், காற்றோட்டம் உள்ள தொப்பி ஒன்றும் கொண்டுவா. அதற்குத் தனிப் பெட்டி தேவையில்லை, நீயே தலையில் போட்டுக்கொண்டு பிளேன் ஏறு. ஃபெல்ட் தொப்பி தீர்த்தத்துக்கும் கலியாண வீட்டுக்கும், மற்றது பட்டிக்கு. இதை நீ கட்டாயம் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன், இல்லாவிட்டால் அந்த நல்ல தொப்பியை அவர் அழுக்காகும் என்று பயந்து ஒருநாளும் வெளியே எடுக்கமாட்டார்.

காசு கொடுப்பதற்கு முன் அந்தக் கறுப்புப் பெட்டியின் உள்ளளவு, வெளியளவு இரண்டையும் எனக்கு எழுதி அனுப்பு. மூடியைத் திறந்து உள்பக்கத்தையும் படம் எடு. தங்கச்சியின் முழங்கால் நோவுக்கு இப்போது எப்படி? டொக்டர் என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் சொல். நீ இறங்குகிற திகதி முடிவானதும் அறிவித்தால் மருமகனை வானோடு அனுப்புவேன்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி