வடக்கே ஆள் அனுப்பும் முகவர்களுக்கு: ஏற்றுமுன் ஒரு தாள் தாருங்கள்

மதிப்புக்குரிய வேலைவாய்ப்பு முகவர்களுக்கு,

வணக்கம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு வடக்கு ஒன்ராறியோ மீன்பிடி விடுதிகளுக்குக் குசினி ஆட்களை அனுப்புகிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இதை எழுதுகிறேன். ஒருவரின் பெயரையும் போடவில்லை. விளங்க வேண்டியவருக்கு விளங்கும்.

போன கிழமை மரக்கறி வாங்கப் போன கடையின் வாசல் பலகையில், வாடகை அறைக்கும் வீணை வகுப்புக்கும் நடுவில், அந்த மஞ்சள் தாளை மறுபடி கண்டேன். ‘மீன்பிடி விடுதிக்குச் சமையல் ஆள் தேவை. மே முதல் செப்ரெம்பர் வரை. சாப்பாடு, தங்குமிடம் இலவசம். ரிப்ஸ் உண்டு.’ ரிப்ஸ் என்றால் விருந்தாளிகள் சந்தோஷமாகத் தருகிற காசு. கீழே கிழித்தெடுக்கிற மாதிரி தொலைபேசி இலக்கம். நான்கு துண்டு ஏற்கனவே போய்விட்டது. அந்த நான்கு பேர் யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் இந்த மடல் எழுதாமல் அவர்களுக்கே போன் எடுத்திருப்பேன்.

போன வருடம் அதே மாதிரி ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு போனவன் நான். இருபது வருடம் உணவகக் குசினிகளில் நின்றவனுக்கு ஒரு பருவம் மீன் பொரிப்பது என்ன பெரிய வேலையா என்று நினைத்தேன். ரொறன்ரோவிலிருந்து தண்டர் பே வரைக்குமே ரோட்டால் 1,400 கிலோமீற்றர். அதற்கும் மேற்கே, அதற்கும் வடக்கே போய், ரோட்டு முடிகிற இடத்தில் காலில் மிதவை கட்டிய ஒரு பீவர் விமானத்தில் ஏற்றினார்கள். அந்த ரகம் முதலில் பறந்தது 1947-இல், அதுவும் இதே ரொறன்ரோவில், டவுன்ஸ்வியூவில். என்னைவிட வயதான சாமான். விமானி என்னையும் என் பெட்டியையும் தராசில் நிறுத்து எழுதிவிட்டு, மா மூட்டை, உருளைக்கிழங்கு, முட்டைப் பெட்டிகளோடு சேர்த்து அடுக்கினார். ஏரியில் இறக்கிவிட்டு அது திரும்பி எழும்பிப் போகிற சத்தம் ஓயும்போதுதான் விளங்கியது, இனி இங்கிருந்து நடந்துபோக ஒரு பாதையும் இல்லை என்று. நீங்கள் யாராவது அந்த இடத்தைப் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? கேட்கிறேன், அவ்வளவுதான்.

வேலை உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். விடிய நாலு மணிக்கு எழும்பி, ஜெனரேற்றர் போடுமுன் டோர்ச் வெளிச்சத்தில் காஸ் அடுப்பு மூட்டி, பெரிய கோப்பிப் பானையை வைக்க வேண்டும். ஆறு மணிக்குப் பதினாறு பேருக்கு முட்டை, பேக்கன், பான்கேக். அது முடியுமுன், மத்தியானம் கரையில் நெருப்பு மூட்டிப் பொரிக்கிற ‘ஷோர் லஞ்ச்’ பெட்டிகள் படகுக்கொன்றாகக் கட்ட வேண்டும்: பன்றிக் கொழுப்பு, சோளமா, வெட்டின கிழங்கு, வெங்காயம், பீன்ஸ் ரின். மீன் மட்டும் அவர்கள் பிடிக்க வேண்டியது. படகுகள் போனபிறகு பாண் சுடுவது. பாணை விமானத்தில் ஏற்றினால் இடத்தைப் பிடிக்கும், மாவை ஏற்றினால் பிடிக்காது, அதனால் தினமும் சுட வேண்டும். பின்னேரம் ஸ்ரேக், பை, பிறகு சட்டி பானை. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வானம் வெளுத்தே இருக்கும், கறுத்த ஈ கழுத்தில் கடித்து இரத்தம் வடியும், நான் அப்போதும் கழுவிக்கொண்டு நிற்பேன். கிழமையில் ஏழு நாள். ஒரு நாள் ஓய்வு கேட்டபோது, ‘மழை நாளில் பார்ப்போம்’ என்றார்கள். மழை நாளில் விருந்தாளிகள் படகில் போகாமல் விடுதியிலேயே இருந்து மூன்று வேளையும் சாப்பிட்டார்கள்.

நல்லதும் இல்லாமல் இல்லை, பொய் சொல்லக்கூடாது. அங்கே பிக்கரெல் மீனின் சதையை மட்டும் எடுத்துக்கொண்டு தலையையும் முள்ளையும் ஒரு சின்னத் தீவில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், கரையில் போட்டால் கரடி வரும். எட்டுத் தலையை நான் எடுத்து வைத்தேன். பெட்டியில் கொண்டுபோன தேங்காய்ப்பால் மாவைக் கரைத்து, மஞ்சள், பச்சை மிளகாய்க்குப் பதில் காய்ந்த மிளகாய், கடைசியில் தேசிக்காய் பிழிந்து ஒரு சொதி வைத்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த ஒஜிப்வே பழங்குடி வழிகாட்டி ஒருவர் மணத்துக்குக் குசினிக் கதவடிக்கு வந்து, ஒரு கோப்பையை வாங்கி, நின்றபடியே கன்னச் சதையை விரலால் தோண்டி எடுத்துச் சாப்பிட்டார். தன் பாட்டியாரும் தலையைத்தான் அவிப்பார் என்றார். அன்றிலிருந்து தலைகள் தீவுக்குப் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலை நடுவில் ஒரு மழை நாள். கரையில் பொரிக்க முடியாததால் எல்லா மீனும் குசினிக்கு வந்தது. இரும்புச் சட்டி நிறையக் கொழுப்புக் கொதிக்கிறது. யாரோ ஈரச் சப்பாத்தோடு உள்ளே வந்து போன தரையில் எனக்குக் கால் சறுக்கியது. சட்டி சரிந்து, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஊற்றுப்பட்டது. முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் ஒரு துணிச்சுருள், இறுகிப்போன ஒரு களிம்புக் குழாய், தூண்டில் முள் கழற்றுகிற குறடு. ஏரித் தண்ணீர் வாளியில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். செய்மதித் தொலைபேசியில் விமானத்தைக் கூப்பிட்டார்கள், காட்டுத்தீப் புகை வந்து மூடிவிட்டது, பறக்க முடியாது என்று பதில் வந்தது. அது யாருடைய பிழையுமில்லை. ஆனால் அன்று இரவும் பதினாறு பேருக்குச் சாப்பாடு வேண்டும். அடுத்த நாளும் வேண்டும். குசினியில் சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளைக் கையில் சுற்றிக்கொண்டு, படகுத்துறையில் வேலை செய்த பெடியன் கிழங்கு உரித்துத் தர, ஒற்றைக் கையால் இரண்டு நாள் சமைத்தேன். இரண்டாம் நாள் காலை முட்டையை ஒற்றைக் கையால் உடைக்கப் பழகிவிட்டேன், விருந்தாளி ஒருவர் அதைப் பார்த்துக் கை தட்டினார்.

மூன்றாம் நாள் புகை விலகி விமானம் வந்தது. ஆஸ்பத்திரியில் நல்லாய்ப் பார்த்தார்கள். கை தேறிவிட்டது, தோல்தான் வரைபடம் மாதிரி இருக்கிறது.

என்னை இந்த மடலை எழுத வைத்தது அந்தக் கை இல்லை, கடைசிச் சம்பளத் தாள். அதில் ஒரு வரி: காயத்தோடு என்னைக் கொண்டுவந்த விமானக் கட்டணம், 1,140 டொலர், சம்பளத்தில் கழிவு. அதற்குக் கீழே, பருவம் முழுக்கக் கிழமைக்கு 85.25 டொலர், தங்குமிடமும் சாப்பாடும். மஞ்சள் தாளில் இலவசம் என்று போட்டிருந்த அதே தங்குமிடமும் சாப்பாடும்! அந்தக் கணக்கை நான் பிறகு தேடிப் பார்த்தேன். தனி அறைக்குக் கிழமைக்கு 31.70, சாப்பாட்டுக்கு ஒரு வேளைக்கு 2.55 வீதம் கூடியது 53.55 வரை குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் சேர்க்க மாகாணச் சட்டம் விடுகிறது. சரி, சட்டம்தானே. ஆனால் தனி அறை எங்கே இருந்தது? நானும் அந்தப் படகுத்துறைப் பெடியனும் ஒரே கொட்டிலில் படுத்தோம், அப்படியென்றால் அறைக்கு 15.85 மட்டும்தான்.

உங்களில் ஒருவருக்கு உடனே போன் எடுத்தேன். “அண்ணை, அது அவையின்ர விஷயம். நாங்கள் ஆளைக் காட்டினது மட்டும்தான். நீங்கள் கையெழுத்து வச்சிருக்கிறியள் எல்லோ?” ஓம், வைத்தேன். வாகனத் தரிப்பிடத்தில், உங்கள் காரின் பொனெற்றில், ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளில், ‘பஸ்ஸுக்கு நேரமாகுது’ என்று நீங்கள் அவசரப்படுத்த வைத்தேன். அதன் பிரதி ஒன்று கேட்டேன், பிறகு அனுப்புகிறோம் என்றீர்கள்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். விமானத்தில் ஏற்றுமுன், எங்களுக்கு விளங்குகிற மொழியில், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள். எத்தனை மணி நேரம், எந்த நாள் ஓய்வு, என்ன கழிவு, காயம் வந்தால் யார் கொண்டுவருவது, அதற்கு யார் காசு.

கடைசிக் கேள்விக்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது, நீங்கள் மினக்கெட வேண்டியதில்லை. ஒன்ராறியோவில் வேலையில் காயப்பட்டவரை ஆஸ்பத்திரிக்கோ வைத்தியரிடமோ வீட்டுக்கோ கொண்டுபோக வேண்டியதும், அதற்குக் காசு கட்ட வேண்டியதும் முதலாளி. காயப்பட்டவன் இல்லை. மேலதிக நேரக் காசு சாதாரண ஆட்களுக்குக் கிழமைக்கு 44 மணிக்கு மேல், எங்களைப்போல் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு வருடத்தில் 24 கிழமைக்கு மேற்படாமல் வைத்திருக்கிற விடுதி ஆட்களுக்கு 50 மணிக்கு மேல். நான் ஒரு கிழமையில் ஐம்பதை வியாழக்கிழமைக்கு முன்னரே தாண்டிவிடுவேன். இந்த வித்தியாசத்தை எனக்குச் சொன்னது தொழில் அமைச்சின் இணையத்தளம். எங்கள் ஊர்க்காரர் என்று நம்பி வந்த உங்களிடம் கேட்டபோது, ‘அங்கே எல்லாம் ஒரு மொத்தச் சம்பளம்தான் அண்ணை’ என்றீர்கள்.

அந்த ஏரியில் மீனுக்கு இருக்கிற சட்டத்தைக் கேளுங்கள். முழு உரிமம் எடுத்தவர் நாளுக்கு நான்கு பிக்கரெல், அதிலும் 46 சென்ரிமீற்றரை விட நீளமானது ஒன்றுதான் வைத்திருக்கலாம். படகில் ஒரு அளவுகோல் ஒட்டியிருக்கும். ஒரு சென்ரிமீற்றர் கூடினால் முத்தம் கொடுத்துத் தண்ணீரில் விடுவார்கள், உண்மையாகவே முத்தம், படமும் எடுப்பார்கள். குசினிக்குள் மட்டும் ஒருவரும் அளவுகோல் கொண்டு வரவில்லை.

இனி எனக்குப் பழைய கதைகளும் ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் வந்திறங்கிய நாங்கள் எத்தனை பேர் எங்களுடைய ஆட்களின் கடைகளிலேயே கைக்காசுக்கு வேலை, கணக்கில் பதிவில்லை என்று கோப்பை கழுவினோம், அதையே இப்போது வேலை அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்குச் செய்கிறீர்கள், பிறகு கோயில் திருவிழாவுக்கு அன்னதான உபயம் என்று பெரிய எழுத்தில் பெயர் போடுகிறீர்கள். அந்த அன்னதானத்தில் ஒரு வேளைக்கு 2.55 கழிப்பீர்களா? இல்லை, இது கூடிப்போய்விட்டது. மன்னிக்கவும். உங்களில் நேர்மையாக நடக்கிறவர்களும் இருக்கிறீர்கள், பக்கத்து விடுதிக்குப் போன ஒருவருக்கு எல்லாம் எழுத்தில் இருந்தது, அவருடைய முகவரும் எங்கள் ஆள்தான்.

அப்புறம், 2024 ஜூலை 1-இலிருந்து ஆள் பிடிக்கிற முகவர்களுக்கும் தற்காலிக வேலை முகவர் நிறுவனங்களுக்கும் ஒன்ராறியோவில் உரிமம் வேண்டும். மஞ்சள் தாளில் உரிம இலக்கத்துக்கு இடமில்லை என்றால், ‘ரிப்ஸ் உண்டு’ என்பதை எடுத்துவிட்டுப் போடலாம்.

நான் என் கழிவுக்கு அமைச்சில் முறைப்பாடு போட்டுவிட்டேன், அது தன்பாட்டில் நடக்கட்டும். உங்களிடம் காசு கேட்கவில்லை. தயவுசெய்து, மே மாதத்தில் ஏரிப் பனி உடையுமுன், இந்த வருடம் போகிறவர்களுக்கு அந்தத் தாளைக் கொடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியோடு, பிள்ளையோடு இருந்து வாசிக்க ஒரு இரவு கொடுங்கள். கார் பொனெற்றில் வேண்டாம்.

நான் கையெழுத்து வைத்த தாளின் பிரதி இன்னும் வரவில்லை. தபாலில் போட்டாலும் சரி. முகவரி உங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
போன வருடத்துக் குசினிக்காரன்
ஸ்காபரோ