12 லட்சம் வரை வரி இல்லை என்று ஓடவிட்டவர்களுக்கு

தமிழ்ச் செய்தி சேனல்களின் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

2025 பிப்ரவரி 1, நிர்மலா சீதாராமன் பட்ஜெட் வாசித்த அன்று, காலையிலிருந்து உங்களைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கட்டியிருந்த மதுபனி புடவை யார் கொடுத்தது என்பது வரை தெரிந்துகொண்டேன், நன்றி. ஆனால் "12 லட்சம் வரை வருமான வரி இல்லை" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே 4 முதல் 8 லட்சத்துக்கு 5 சதவீதம், 8 முதல் 12 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று பட்டியலும் போட்டீர்களே, வரியே இல்லை என்றால் இந்த 5ம் 10ம் எதற்குடா என்று அப்பா என்னைக் கேட்டார். நியாயமான கேள்விதான்.

புதிய வரி முறையில் வரி விலக்கு வரம்பு 4 லட்சம்தான். 12 லட்சத்துக்குக் கணக்குப்படி 60,000 ரூபாய் வரி வரும், அதை அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவில் தள்ளுபடி செய்துவிட்டார்கள். எப்படியோ கட்ட வேண்டாம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. கழிவெல்லாம் போக 13 லட்சம் வருமானம் உள்ளவர், உங்கள் தலைப்பை நம்பி, மேலே இருக்கும் 1 லட்சத்துக்கு மட்டும் 15,000 கட்டினால் போதும் என்று நினைப்பார். அவருக்குத் தள்ளுபடியே கிடையாது, வரிமேல் போடும் செஸ் என்ற கூடுதல் வரியைச் சேர்க்காமலே 75,000. பங்கு விற்ற லாபத்துக்குத் தனி வரி, அதற்கும் இந்தத் தள்ளுபடி செல்லாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு வரி விகிதம் எதுவும் மாறவில்லை.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகுமா? இரவு விவாதத்தில் நான்கு கட்சிக்காரர்கள் கத்தி முடித்த பிறகு, பாவம், அந்த ஆடிட்டர் வாயைத் திறந்ததும் இடைவேளை விட்டுவிட்டீர்கள்.

அப்புறம் இன்னொன்று. இந்தச் சலுகைகளால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அமைச்சரே உரையில் சொன்னார். வருமான வரி மத்திய அரசுக்கு மட்டும் போகும் பணம் இல்லை, 2025-26 கணக்குப்படி, மாநிலங்களோடு பகிர வேண்டிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு, அதில் 4.079 சதவீதம் தமிழ்நாட்டுக்கு. பெருக்கிப் பார்த்தால் நமக்கு வரவேண்டியதில் கிட்டத்தட்ட 1,670 கோடி குறையும். தமிழ்நாட்டுக்கு ஒன்றுமே இல்லை என்று நாள் முழுக்கக் கத்திய விவாதங்களில், நான் பார்த்தவரை, இந்தப் பெருக்கலை ஒருவரும் போடவில்லை.

இப்படிக்கு,
ரிமோட்டும் கால்குலேட்டருமாக உட்கார்ந்திருந்த ஒருவன்