தமிழ் எழுத்தில் மறைந்துபோகும் நான்கு அரபு ஒலிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டிய அரபுச் சொற்கள் என்று தங்கள் இதழின் இணைப்பில் அண்மையில் வெளியான பட்டியலைக் கண்டேன். குளச்சல், மார்த்தாண்டம், தேங்காப்பட்டணம் வட்டாரங்களில் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்ட வீடுகள் நிறையவே இருக்கும். ஆனால் சொற்கள் முழுவதும் தமிழ் எழுத்தில் மட்டுமே அச்சாகியிருந்தன. தக்கலையில் மாலை வகுப்பு வைத்து அரபு சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், அதனால் நேரும் சங்கடத்தைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

‘தீன்’ என்று தமிழில் எழுதினால் அது மார்க்கத்தையும் குறிக்கலாம், அத்திப்பழத்தையும் குறிக்கலாம், களிமண்ணையும் குறிக்கலாம். அரபியில் இவை மூன்று வெவ்வேறு எழுத்துகளில் தொடங்கும் மூன்று சொற்கள். அவற்றுள் களிமண்ணின் முதல் எழுத்து, ஸாத், ளாத், தா, ழா என்று நம் மத்ரஸாக்களில் பெயர் சொல்லிப் பழகிய நான்கு கன எழுத்துகளில், அதாவது நாவின் பின்புறத்தை உயர்த்தி ஒலிக்க வேண்டிய எழுத்துகளில், ஒன்று. தமிழ் எழுத்தில் இந்தக் கனத்தைக் காட்ட வழியில்லை. அதனால் தமிழ் எழுத்தை மட்டும் பார்த்துப் படிப்பவர், அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் விமானம் ஏறிவிடுகிறார்.

என் வகுப்புக்கு வருபவர்களில் செவிலியர் படிப்பு முடித்த பெண்களே மிகுதி. அவர்களுக்கு முதலில் தேவைப்படும் உடலுறுப்புப் பெயர்களிலேயே இந்நான்கு எழுத்துகளும் வந்து நிற்கின்றன. மார்புக்கான சொல்லில் ஸாத், வயிற்றுக்கான சொல்லில் தா, முதுகுக்கான சொல்லில் ழா, கடைவாய்ப்பல்லுக்கான சொல்லில் ளாத். தங்கள் பட்டியலில் முதுகு ‘ஸஹ்ர்’ என்று இருந்தது. அதை அப்படியே சொன்னால் அரபியர் காதில் பூக்கள் என்றே விழும். முதுகுவலியால் துடிக்கும் முதியவரிடம் பூக்கள் எங்கே வலிக்கின்றன என்று கேட்கும் நிலைக்கு அந்தப் பெண்ணை நாம் ஆளாக்கக் கூடாது.

சென்ற மாதம் மாணவி ஒருத்தி ‘ஸத்ர்’ என்ற மார்புச் சொல்லோடு இரண்டு மாலைகள் போராடினாள். கனமாக ஒலிக்க வேண்டும் என்றதும் முதலில் குரலை உயர்த்தினாள். பிறகு உதட்டைக் குவித்தாள். இரண்டுமே பயன் தரவில்லை. கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, உதடு அசையாமல் ‘ஸ்ஸ்’ என்று நீட்டச் சொன்னேன். நாநுனியை அதே இடத்தில் வைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்கத் தொடங்குபவர்போல் நாவின் அடிப்பகுதியை மட்டும் பின்னுக்கு இழுத்து மேலே உயர்த்தச் சொன்னேன். நாவின் நடுப்பகுதி கரண்டிபோல் குழிந்தது. அடுத்து வந்த அகரம் தானாகவே இருண்டு, ஆகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் இடைப்பட்ட நிறத்தைப் பெற்றது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துப் பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்களும் கண்ணாடி கேட்டார்கள். மெய்யைவிட அதையடுத்த உயிரைக் கவனித்தால் காது விரைவில் பழகும் என்பது என் அனுபவம். இகரம் அடுத்து வரும்போதுதான் வேறுபாடு மெலிந்து, கற்பவரைத் திணறடிக்கிறது. ‘தீன்’ என்னும் களிமண்ணை நான் கடைசி வாரத்துக்கு ஒத்திவைப்பது அதனால்தான்.

தமிழர்கள் செய்யும் இன்னொரு பிழை நம் மொழியின் வளத்திலிருந்தே வருகிறது. கனமான ‘த’ என்றதும் நம் நா தானாக மடங்கி டகரத்துக்குப் போய்விடும். டகரமும் ணகரமும் நாநுனி அண்ணத்தைத் தொடப் பிறப்பவை என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்கிறது. அரபியின் கன எழுத்துகளிலோ நாநுனி பல்லையும் பல்லடியையும் விட்டு விலகுவதில்லை. உயர்வது நாவின் பின்புறம்.

ளாதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ளாத் வரும் சொற்களை நம் பெரியவர்கள் ரமளான், ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்), பர்ளு (கட்டாயக் கடமை) என்று ளகரமிட்டே சொல்லி வந்தார்கள். ஊருக்கு விடுமுறையில் வரும் இளைஞர்கள் அதைப் படிக்காதவர் உச்சரிப்பு என்று திருத்துவதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணம் வகுத்த சீபவைஹி, நாவிளிம்புக்கும் அதையொட்டிய கடைவாய்ப்பற்களுக்கும் இடையிலிருந்து ளாத் பிறக்கிறது என்று எழுதினார். தொல்காப்பியர் லகர ளகரங்களுக்குச் சொல்வதும் நாவிளிம்பு வீங்கிப் பல்லடியைத் தொடுவதைத்தான். அரபியரின் ‘காளி’ என்ற நீதிபதிப் பெயர் ஸ்பானிய மொழிக்குப் போய் ‘அல்கால்தே’ என்று லகரத்தோடு நிலைத்திருப்பதும் அந்தப் பழைய ஒலிக்குச் சான்று. நம் முன்னோர் காதில் விழுந்ததைத்தான் சொன்னார்கள்.

ஆனாலும் இன்று வளைகுடாவில் ளகரம் உதவாது. அங்குள்ள பேச்சில் ளாதும் ழாவும் ஒன்றாகிவிட்டன. நாநுனியை மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே வைத்து, நாவின் பின்புறத்தை உயர்த்திச் சொன்னால் இரண்டுக்கும் போதும். குர்ஆன் ஓதுவதற்குக் கற்பவர்கள் இரண்டையும் பிரித்தே பழக வேண்டும். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைப் பெயரின் முதல் எழுத்தான ழாவை ளாதோடு கலப்பதற்கு இலக்கணத்தில் இடமில்லை. மத்ரஸாப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் ‘குஸ்ஸ ளக்தின் கிழ்’ என்ற வாய்பாட்டில் இந்நான்கோடு, கனமாகவே ஒலிக்கும் வேறு மூன்று எழுத்துகளும் சேர்ந்து ஏழாக அடங்கியுள்ளன. அதன் நடுவில் உள்ள ‘ளக்த்’ என்ற சொல்லுக்கு அழுத்தம் என்று பொருள். இரத்த அழுத்தத்தைக் குறிக்கவும் அதே சொல்தான். அதன் மூன்று மெய்களுமே கனமானவை. ஒரு செவிலி நாள்தோறும் பலமுறை சொல்ல வேண்டிய சொல் அது.

அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோர், அதில் இல்லாத டகரம், பகரம், ஞகரம் போன்றவற்றுக்காக, இருந்த எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். அரபுத்தமிழ் என்று நாம் போற்றும் அந்த மரபு, ஓர் ஒலியையும் இழக்கச் சம்மதிக்காத அக்கறையிலிருந்து பிறந்தது. அதே அக்கறை இந்தத் திசையிலும் வேண்டும்.

ஆகவே தாங்கள் இனி இத்தகைய பட்டியல்களை வெளியிடும்போது ஒவ்வொரு சொல்லையும் அரபு எழுத்திலும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். இடம் போதாதெனில், அந்த நான்கு மெய்களை மட்டுமாவது தடித்த எழுத்தில் அமைத்து, அவை கனமானவை என்று பட்டியலின் தலைப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். படிப்பவர் தெரிந்தவரிடம் கேட்டாவது திருத்திக்கொள்வார். வெளியான பட்டியலில் திருத்த வேண்டிய சொற்களைக் குறித்து இக்கடிதத்தோடு இணைத்துள்ளேன். அடுத்த பட்டியலை அச்சுக்கு முன் அனுப்பினால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
அரபு ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.