குடியிருப்போர் நலச்சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, இரண்டு கொடியேற்றங்கள், அடைமழைக்கு முன் வடிகால் தூர்வாரல், கொசுமருந்து எல்லாம் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு மாதந்தோறும் கூட்டப்பட்டது. பல கூட்டங்கள் கோரம் (குறைந்தபட்ச உறுப்பினர் வருகை) இல்லாமல் கலைந்தன.

இவ்வாண்டின் பெரிய வேலை வீடுவீடாக எடுத்த குடும்பக் கணக்கு. இது சங்கத்தின் வேலையா என்று சிலர் கேட்டார்கள். 2011க்குப் பிறகு 2025 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021இல் நடக்க வேண்டியது பெருந்தொற்றால் தள்ளிப்போனது. நம் தஞ்சாவூரோ 2014இல் மாநகராட்சியானது. நம் கையில் இருப்பதோ பழைய மனைப்பட்டியல். மருத்துவக் கல்லூரி, தமிழ்ப் பல்கலைக்கழகம் என்று மாதச் சம்பளம் வாங்கியவர்கள் குடியேறிய காலத்தில், மனைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு சந்தா என்று எழுதிய விதி சரியாகவே இருந்தது. இன்று ஒரே மனையில் மூன்று அடுப்பு எரிகிறது; அடுத்த மனை பூட்டிக் கிடக்கிறது.

ஆகவே கதவை எண்ணாமல் அடுப்பை, அதாவது தனியே சமைக்கும் குடும்பத்தை எண்ணினோம். வருமானம் எவ்வளவு என்று நேரே கேட்டால் யாரும் சொல்வதில்லை. ஓய்வூதியர் ஓய்வூதியத்தை மட்டும் சொல்வார், மகன் அனுப்புவதைச் சேர்க்க மாட்டார். கொத்தனார் ஒருநாள் கூலியைச் சொல்வார். அதை முப்பதால் பெருக்கினால் பொய்க்கணக்கு. போன மாதம் எத்தனை நாள் வேலை இருந்தது என்றும் கேட்க வேண்டும். நடவு, அறுவடை வேலைக்குப் போகிறவர்களுக்கு மாதக் கணக்கே பொருந்தாது. குறுவை, சம்பா, தாளடி என்று நெல் பருவம் பருவமாகக் கேட்டு ஆண்டுக்குக் கூட்டினோம். பிறகு மொத்தத்தைத் தலைக்கு வகுத்து, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் எண்ணை எடுத்தோம். சராசரி பார்த்தால் வெளிநாட்டுப் பணம் வரும் ஒரு வீடு தெருவையே பணக்காரத் தெருவாகக் காட்டிவிடும்.

மின் கட்டணத்தை வைத்து வசதியை அளக்கலாமே என்றார்கள். மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் என்ற வரம்பு இருக்கிறது. மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீட்டில் கூட்டுத்தொகை அந்த வரம்பைத் தாண்டும், உள்ளே இருப்பவர்களோ கூலிவேலைக்காரர்கள். மீட்டரை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே போதும்.

சொந்தக்காரர்களின் பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். முதியவர்கள் தனியே இருக்கிறார்கள். போர்ஷன்களில் இளங்குடும்பங்கள், ஜவுளிக்கடை ஊழியர்கள், ஒரே அறையைப் பகிரும் வடமாநிலத் தொழிலாளர்கள். கிராமத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. 2012 முதல் 2019 வரை ஓராண்டுகூட மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் பாசனத்துக்குத் திறக்கப்படவில்லை. குறுவை கைவிட்டுப்போனவர்கள் நகரத்து ஓரத்தில் வேலை தேடியதில் வியப்பில்லை. சொந்த வீட்டாரைவிட வாடகைக்காரர்களே இன்று தெருவில் அதிகம் நடமாடுகிறார்கள். குப்பை வண்டியையும் தெருவிளக்கையும் கேட்டு அலுவலகம் வருபவர்களும் அவர்களே. நம் துணைவிதிப்படி அவர்கள் உறுப்பினராக முடியாது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். கையிருப்பு கரைந்திருக்கிறது, கடன் இல்லை. சந்தா பாக்கி பெரும்பாலும் பூட்டிய வீடுகளிலும் மாடி மேல் மாடி கட்டி வாடகை வாங்கும் வீடுகளிலும்தான். அவர்கள் வராத கூட்டத்தில், வந்தவர்களிடமே மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

வடிகாலுக்கு ஆள் கொடுத்த இளைஞர்களுக்கும், படிவம் நிரப்பிய மகளிர் குழுவினருக்கும், இடம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

வரும் பொதுக்குழுவில் மனைக்குப் பதில் அடுப்புக்குச் சந்தா, வாடகைக்காரருக்கு வாக்குரிமை என்று விதியைத் திருத்த முன்மொழிகிறேன். இதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். உறுப்பினர்கள் வந்து வாக்களித்தால்தான் நிறைவேறும். கணக்கெடுப்பைப் புதுப்பிக்கத் தெருவுக்கு இரண்டு பேர் தேவை. அப்படி ஆள் கிடைத்தால் அடுத்த ஆண்டும் இப்பொறுப்பில் நிற்கச் சம்மதம். பூட்டிய வீட்டாரின் தற்போதைய தொலைபேசி எண் தெரிந்த அண்டைவீட்டார், கூட்டத்துக்கு முன் சங்க அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்