33 அடி தள்ளி ஒரு வீடு

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. முழங்கால் நோவால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை, நடக்கிறேன்.

போன ஞாயிறு மகள் என்னை வடக்கு பக்ஸ்டனுக்குக் கூட்டிப்போனாள். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் தென்மேற்கில் சின்ன ஊர். இத்தனை வருடம் இந்த மாகாணத்தில் இருந்தும் அந்தப் பெயரை நான் கேட்டதேயில்லை. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து தப்பி வந்தவர்களுக்காக 1849இல் உண்டான குடியேற்றம் அது. தொடங்கியவர் வில்லியம் கிங் என்ற பாதிரியார். லூசியானாவில் இருந்தபோது அவரே அடிமைகளை வைத்திருந்தவர். பிறகு 15 பேரை விடுவித்துக் கூட்டி வந்திருக்கிறார். முதலில் அவர்மேல் எனக்கு மனம் ஒட்டவில்லை என்பதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மொத்தம் 9,000 ஏக்கர் காடு. இனாமாகக் கொடுக்கவில்லை. குடும்பத்துக்கு 50 ஏக்கர், ஏக்கர் இரண்டரை டொலர், பத்து வருடத் தவணை. மரம் தறித்து, வாய்க்கால் வெட்டித்தான் விதைக்கவேண்டும். வீட்டுக்கும் அளவு சொல்லியிருக்கிறார்கள்: குறைந்தது 24 அடி நீளம், 18 அடி அகலம், நாலு அறை, முன்விறாந்தை. தெருவிலிருந்து 33 அடி தள்ளி இருக்கவேண்டும். முன்னால் வேலி, பூந்தோட்டம்.

இவ்வளவு பட்டு வந்த சனத்துக்கு இன்னும் என்ன சட்டம் என்று எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து சாத்தம் நகரத்தில் எட்வின் லார்வில் என்ற அரசியல்வாதி, கறுப்பர் வந்தால் ஊர் கெட்டுவிடும் என்று ஆட்களைத் திரட்டியது தெரிந்தபிறகுதான் விளங்கியது. இவர்கள் விழுவதைப் பார்க்க ஒரு கூட்டமே காத்திருந்திருக்கிறது. நேற்றுவரை இன்னொருவனின் உடைமையாக இருந்த ஒருத்தி, தன் காசில் வாங்கிய காணியில் தன் படலையைத் தானே சாத்துகிறாள். அதை நினைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்சநேரம் நின்றேன், வசந்தி.

நீ ரீச்சர், உனக்கு இது பிடிக்கும். அங்கே பள்ளிக்கூடத்தில் லத்தீனும் படிப்பித்திருக்கிறார்கள். படிப்பு நல்லது என்று கண்டு வெள்ளைக்காரரும் தங்கள் பிள்ளைகளை அனுப்பினார்களாம்! கனடாவில் பிறந்து மருத்துவரான முதல் கறுப்பினத்தவர் அன்டர்சன் அபொட், அங்கே படித்தவர்.

பிற்ஸ்பேர்க் நகரத்துக் கறுப்பின மக்கள் 1850இல் ஒரு மணி வார்ப்பித்து அனுப்பியிருக்கிறார்கள். புதிதாக ஒருவர் தப்பி வந்து சேரும்போதெல்லாம் அதை அடிப்பார்களாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் நிறையப்பேர் விட்டுவந்த சொந்தங்களைத் தேடித் தெற்கே திரும்பிவிட்டார்கள். நின்றவர்களின் பரம்பரை இன்னும் அங்கே கமம் செய்கிறது. 1924 தொடக்கம் ஒவ்வொரு செப்டெம்பரிலும், தொழிலாளர் தின விடுமுறைக்கு, எங்கெங்கோ போனவர்களும் வந்து கூடுகிறார்கள். இந்த முறை அந்த நாளில் போவதாக மகளும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

பேத்தியின் சோதனை முடிவு வந்ததா? எழுது.

அன்புடன்,
மலர்