மாறுவது மரபணு அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே மரபணு மாறிவிடுவதாகச் சென்ற இதழில் தலைப்பிட்டிருந்தீர்கள். அதைப் படித்த என் மருமகள் அன்று சாப்பிடவே இல்லை. என் பேத்தி 30 வாரத்தில் பிறந்தவள்.

டிஎன்ஏவின் எழுத்துகள் மாறுவதில்லை. அவற்றில் சில இடங்களில் மீத்தைல் என்னும் சிறு வேதிக்கூறு ஒட்டுவதும் விலகுவதும்தான் வேறுபடுகிறது. ‘க’வின் தலையில் புள்ளி வைத்தால் ஒலி அடங்கி ‘க்’ ஆகிறதே, ஏறத்தாழ அப்படித்தான் இந்த ஒட்டு பல இடங்களில் மரபணுவின் வேலையை அடக்கிவைக்கிறது. கருவில் வாரத்துக்கு வாரம் இது மாறிக்கொண்டே வருவது இயல்பு. 37 வாரம் நிறையாமல் பிறந்த குழந்தையிடம் அது வேறாக இருப்பதில் வியப்பென்ன?

ஆஸ்திரேலியாவில் நடந்து 2013-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று, பிறந்தவுடன் குதிகாலில் எடுத்து அட்டையில் உலர்த்திவைத்த ரத்தத்தை அதே பிள்ளைகளின் 18 வயது ரத்தத்தோடு ஒப்பிட்டது. வேறுபாடுகளில் பெரும்பாலானவை மறைந்திருந்தன, சில எஞ்சியிருந்தன. இதற்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. தலைப்போடு நிறுத்திக்கொள்பவர்கள் நம்மிடையே அதிகம். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர் படிக்கட்டில் ஓர் அம்மாள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த என் மருமகளிடமே, “மரபணுவிலேயே கோளாறாமே?” என்று கேட்டார். பெற்றவள் என்ன பதில் சொல்வாள்?

சிகிச்சையின்போது வலிக்க வலிக்க ஊசி குத்தப்பட்ட குழந்தைகளிடம், மனநிலையைச் சீராக வைக்க உதவும் செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருள் சார்ந்த ஒரு மரபணுவில் மீத்தைல் கூடியிருந்ததை இத்தாலிய ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். எழுத வேண்டியது இதைத்தான். என் பேத்தியின் குதிகாலில் ஊசித் தழும்புகள் இன்றும் பொட்டுப் பொட்டாகத் தெரிகின்றன. அவள் இருந்த மருத்துவமனையில் பெற்ற தாய்க்குக் கண்ணாடிக்கு வெளியே நிற்கத்தான் இடம் கிடைத்தது.

இதே தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஐந்து நாட்டு ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது. 1 கிலோவுக்குக் குறையாமல் 1.8 கிலோவுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனே தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைத்ததில், முதல் 28 நாள் இறப்பு கால்பங்கு குறைந்தது. அதை எழுதுங்கள். இந்நகரத் தனியார் மருத்துவமனைகளில் எத்தனை, குழந்தையின் அருகே தாய்க்கும் கட்டில் போடுகின்றன என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
ராமகிருஷ்ணபுரம், புது தில்லி